பங்குப் பாடகர் குழுவை நடத்துவது எப்படி: பாட்டுத் தெரிவு, ஸ்கேல், பயிற்சி, வாத்தியம்

பாடகர் குழு நன்றாகப் பாடுகிறதா என்று அறிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பயனில்லை. ஆலயத்தின் கடைசி வாங்குக்குப் போய், அங்கே இருக்கிற ஐயாவும் அம்மாவும் வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். குழு எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் மக்கள் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றால் குழுத் தலைவர் தன் வேலையில் பாதியைச் செய்யவில்லை. இந்தக் கையேட்டில் உள்ள எல்லாம், ஸ்கேல் குறைப்பது முதல் தபேலாவுக்குச் சுருதி சேர்ப்பது வரை, அந்தக் கடைசி வாங்கைப் பாட வைப்பதற்குத்தான்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் ஆள் குறைவு. ஒரு பங்குத்தந்தை, இரண்டு மூன்று கிளை ஆலயங்கள், ஒரு கீபோட், பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு. அதிலும் பாதிப்பேர் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள். ஆகவே வேலையைப் பிரித்துவிடுங்கள். பாட்டைத் தெரிந்து குழுவை நடத்துகிறவர் ஒருவர். பதிலுரைப் பாடலை, அதாவது முதல் வாசகத்துக்குப் பின் மக்கள் பல்லவி சொல்லிப் பாடுகிற திருப்பாடலை, வாசக மேடையில் நின்று பாடுகிறவர் இன்னொருவர். கீபோட் வாசிக்கிறவர் மூன்றாமவர். மூன்றையும் ஒருவரே செய்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயம் ஊமையாகிவிடும். கீபோட் வாசித்துக்கொண்டே குழுவுக்குக் கைகாட்டவும் முடியாது. தலைவர் குழுவும் மக்களும் பார்க்கிற இடத்தில், கை இரண்டும் காலியாக நிற்க வேண்டும்.

எதை முதலில் தெரிவது

பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் நன்றிப் பாடலுக்குப் புதிதாக ஒன்றைப் பிடித்து, பிறகு காணிக்கைப் பாட்டு, வருகைப் பாட்டு என்று வந்து, சனி இரவில்தான் பதிலுரைப் பாடலை நினைக்கின்றன. 1967இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய உரோமை ஆவணம் வேறு வரிசையைச் சொல்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவை, ‘தூயவர்’, பெரிய ‘ஆமென்’, கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவை முதல் படி. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘உன்னதங்களிலே’, ‘உலகின் பாவங்களை’ இரண்டாம் படி. வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் மூன்றாம் படி. முதல் படியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் பாடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. குழு புதிதாகத் தொடங்குகிறதென்றால் முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ‘தூயவர்’ மெட்டு, ஒரே ‘ஆமென்’, ஒரே ‘அல்லேலூயா’ போதும். மாதத்துக்கு ஒரு ‘தூயவர்’ மாற்றுகிற பங்கில் மக்கள் ஒருபோதும் அதைப் பாட மாட்டார்கள்.

‘உன்னதங்களிலே’, ‘தூயவர்’, ‘உலகின் பாவங்களை’ ஆகிய மூன்றின் சொற்களையும் மாற்ற அனுமதி இல்லை. மெட்டு எதுவாகவும் இருக்கலாம், பாடம் திருப்பலி நூலில் உள்ளதாக இருக்க வேண்டும். ‘தூயவர்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதுக் கவிதையாகப் போகிற பாட்டுகள் ஏராளம் சுற்றுகின்றன. அவற்றைச் செபக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘உலகின் பாவங்களை’ அப்பம் பிட்கிற நேரம் முழுவதற்கும் உரியது. பெருவிழாவில் பல குருக்கள் நின்று பிட்க நேரமெடுத்தால் இரக்கம் கேட்கிற வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, முடிகிற நேரம் பார்த்து அமைதி கேட்கிற வரியால் முடிக்க வேண்டும். சமாதானம் சொல்லும்போது பாடுகிற தனிப்பாட்டைத் தவிர்க்கும்படி 2014இல் உரோமையிலிருந்து சுற்றறிக்கையே வந்தது. அந்தப் பாட்டு நீளும்போது குரு அப்பத்தைப் பிட்டு முடித்துவிடுவார், ‘உலகின் பாவங்களை’ அவசரமாக வாசித்துத் தீர்க்கப்படும்.

நீளத்தைக் கணக்குப் பார்த்துத் தெரியுங்கள். வருகைப் பாட்டு, குரு தன் இருக்கைக்கு வரும்வரைதான். தூபம் காட்டினால் இன்னொரு சரணம். காணிக்கைப் பாட்டில் குரு கை கழுவி முடித்துத் திரும்பினால் அந்தச் சரணத்தோடு நிறுத்துங்கள், அவரைக் காக்க வைத்து மூன்றாவது சரணம் பாட வேண்டாம். திருவிருந்துப் பாட்டுத்தான் அதிகம் பிசகுகிறது. ஒருவர் நற்கருணை வாங்கிப் போக ஐந்து ஆறு செக்கன் என்றால், இருநூறு பேர் இரண்டு வரிசையில் வர எட்டிலிருந்து பத்து நிமிடம். ஒரு பாட்டு ஐந்து நிமிடம். ஆகவே இரண்டு பாட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு நிமிடம் கீபோட் மட்டும். பாட்டு தொடங்க வேண்டியது குரு நற்கருணை உட்கொள்ளும்போது, முதல் ஆள் வரிசையில் வந்து நின்ற பிறகு அல்ல. குழுவினரும் நற்கருணை வாங்க வேண்டுமே: முதற்பாட்டில் பாதிப்பேர் போய் வரட்டும், இரண்டாம் பாட்டில் மற்றப் பாதி. திருவிருந்துப் பாட்டுக்குப் பல்லவி இரண்டு வரிக்கு மேல் இருக்கக்கூடாது, ஏனென்றால் வரிசையில் நடக்கிறவர் கையில் தாள் இருக்காது.

அந்த ஞாயிற்றின் வாசகங்களை வாசித்த பிறகுதான் பாட்டைத் தெரிய வேண்டும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். எந்த ஆண்டின் வாசகம் என்று தடுமாறினால், ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு (2025 அப்படி), மீதி ஒன்று என்றால் முதலாம் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு வந்ததும் அடுத்த ஆண்டின் எண்ணுக்கு மாற வேண்டும். டிசம்பரில் பிழையான பதிலுரைப் பாடல் பாடப்படுவது இதனால்தான்.

பதிலுரைப் பாடல்

ஒரு மாதத்தில் ஒரே ஒரு விசயத்தைத் திருத்த நேரமிருக்கிறது என்றால் இதைத் திருத்துங்கள். பதிலுரைப் பாடல் இறைவாக்கு, அதுவும் ஒரு வாசகம்தான். அதற்குப் பதில் வேறொரு பக்திப் பாட்டைப் போடுவது வாசகத்தை மாற்றுவது போலத்தான்.

ஒவ்வொரு வாரமும் புது மெட்டுப் போட எங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஓதும் முறை ஒன்றைப் பழகினால் ஆண்டு முழுவதற்கும் போதும். ஒரு சுரத்தில் வரியை ஓதிக்கொண்டு போய், கடைசி நாலு அசையில் மட்டும் சுரத்தை மாற்றி இறங்க வேண்டும். முதலாம் ஆண்டின் நல்லாயன் ஞாயிற்றில் வரும் 23ஆம் திருப்பாடலின் பல்லவியை எடுங்கள்: ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’. டி மேஜரில், அதாவது 2 கட்டையில், ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும்’ முழுவதும் பஞ்சமத்தில் நிற்கட்டும். ‘கு’வும் பஞ்சமமே. ‘றை’ தைவதம், ‘யில்’ மத்தியமம், ‘லை’ காந்தாரம். கீபோட்டில் டி கோர்ட்டைப் பிடித்துக்கொண்டே இருந்து, ‘றையில்’ வரும்போது ஜி, ‘லை’க்கு மீண்டும் டி. இவ்வளவுதான் பல்லவி. ஒரு தரம் கேட்டால் சிறு பிள்ளையும் பாடும்.

சரணங்களுக்கு இரண்டு இறக்கம் வேண்டும். நடு வரிகளுக்கு ரிஷபத்தில் போய் நிற்கிற ஒன்று, கடைசி வரிக்கு சட்ஜத்தில் முடிகிற ஒன்று. நடு இறக்கத்தைக் கேட்டால் மக்களுக்கு இன்னும் வரி இருக்கிறது என்று தெரியும், சட்ஜத்தைக் கேட்டதும் தங்கள் முறை என்று தெரியும். கைகாட்ட வேண்டியதே இல்லை.

பிசகுகிற இடம், தமிழ் வினைச்சொல்லின் நீளம். ‘நடத்திச்செல்கின்றார்’, ‘அழைத்துச்செல்வார்’ மாதிரிச் சொற்களில்தான் வரி முடியும். அதன் நடுவில் மூச்சு எடுத்தால் சொல் உடைந்துவிடும். ஆகவே பாடுகிறவர் வெள்ளிக்கிழமையே வரிகளைப் பென்சிலால் குறிக்கட்டும்: மூச்சு எடுக்கும் இடத்துக்கு ஒரு கோடு, சுரம் மாறத் தொடங்கும் அசைக்குக் கீழே ஒரு புள்ளி. ஓதும் பகுதியைப் பேசுகிற வேகத்தில் சொல்ல வேண்டும். நெடிலுக்கு நெடிலின் நீளம், குறிலுக்குக் குறிலின் நீளம். எல்லா எழுத்தையும் ஒரே அளவில் தட்டித் தட்டிப் பாடினால் வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரி இருக்கும். இறக்கத்தில் மட்டும் சற்றுத் தளர்த்தலாம்.

உச்சரிப்பில் ‘பலி’ ‘பழி’யாகவும் ‘வழி’ ‘வலி’யாகவும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கில் அது இரண்டு மடங்காகக் கேட்கும்.

மக்களுக்குக் கற்பிக்கும் ஒழுங்கு: கீபோட்டில் பல்லவி ஒரு தரம், பாடுகிறவர் தனியே ஒரு தரம், மக்களும் குழுவும் ஒரு தரம், பிறகு சரணம். மக்கள் பாடும்போது பாடுகிறவர் மைக்கை விட்டு அரை அடி பின்னால் நிற்கட்டும். தன் குரலே பெரிதாகக் கேட்டால் மக்கள் நிறுத்திவிடுவார்கள். ‘எல்லோரும் பாடுங்கள்’ என்று சொல்லத் தேவையில்லை, கையைச் சற்று உயர்த்தினால் போதும்.

ஸ்கேல்: மக்கள் பாடாததற்கு முதற்காரணம்

இறுவெட்டிலும் யூடியூப்பிலும் வருகிற பாட்டுகள் தேர்ந்த பாடகருக்காகப் பதிவானவை. அதே ஸ்கேலில் ஆலயத்தில் எடுத்தால் பல்லவியில் எல்லோரும் இருப்பார்கள், சரணத்தில் குழுவில் இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

61 கீ கொண்ட கீபோட்டில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சி, நடு சி. நான்காவது சிக்கு அடுத்த டிதான் மக்களுடைய மேல் எல்லை. கீழ் எல்லை நடு சிக்குக் கீழுள்ள ஏ. ஆண்கள் இதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். பாட்டின் பெயரைப் பார்த்து ஸ்கேல் தீர்மானிக்காமல், முழுப்பாட்டிலும் மிக உயர்ந்த சுரம் எது என்று தேடுங்கள். அநேகமாக அது சரணத்தின் மூன்றாவது வரியில் இருக்கும். அந்தச் சுரம் டியைத் தாண்டாதபடி பாட்டை இறக்குங்கள். உதாரணமாக 6 கட்டையில், அதாவது ஏயில், பதிவான பாட்டு சரணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் அது ஈ. 5 கட்டைக்கு இறக்கினால் டி, சரிதான். கீபோட்டில் ஸ்கேலை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் மைனஸ் 2. ஆனால் அதே பாட்டின் பல்லவி மந்தர (கீழ் ஸ்தாயி) தைவதத்துக்குப் போகிறது என்றால் இறக்கியதும் பெண்களின் சத்தம் வெறும் காற்றாகிவிடும். மேலும் கீழும் இவ்வளவு அகலமாக ஓடுகிற பாட்டு மக்களுக்கான பாட்டு அல்ல. அதைக் குழு தனியே பாடுகிற காணிக்கை நேரத்துக்கு விடுங்கள்.

காலைத் திருப்பலியில் தொண்டை திறந்திருக்காது. ஆறு, ஆறரை மணிப் பூசைக்கு மாலைப் பூசையை விட ஒரு அரைக்கட்டை குறைத்தே எடுங்கள். பிள்ளைகள் திருப்பலிக்குக் கூட்டலாம்.

ட்ரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வருகைப் பாட்டுக்கு மைனஸ் 2 வைத்தவர் அதை மறந்துவிட்டு ‘இரக்கமாயிரும்’ தொடங்குவார். தபேலாக்காரர் பழைய சுருதியில் இருப்பார், குழு நடுவில் நின்று இருபக்கமும் பார்க்கும். இதற்கு மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டுத் தாளின் மேல் மூலையிலும் மூன்று விசயத்தைப் பெரிதாக எழுதுங்கள்: எந்தக் கட்டை, ட்ரான்ஸ்போஸ் எண், வேகம். பாட்டு முடிந்ததும் பொத்தானைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது கீபோட் வாசிக்கிறவரின் கைப்பழக்கமாக வேண்டும்.

பயிற்சி

வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் ஒரே நாள், ஒரே நேரம். ரியூசன் நேர அட்டவணையைக் கேட்டுவிட்டுத்தான் நாளைக் குறிக்க வேண்டும். பல இடங்களில் மறைக்கல்வி வகுப்பு முடிந்த கையோடு வைப்பதுதான் நிலைக்கிறது.

முதல் ஐந்து நிமிடம் வாயை மூடி ‘ம்’ என்று சுருதியில் நிற்பதும் சரளி வரிசை ஒன்றும். அடுத்த பத்து நிமிடம் பதிலுரைப் பாடல், அல்லேலூயா. பிறகு இருபது நிமிடம் புதுப்பாட்டு. மிச்ச நேரம் தெரிந்த பாட்டுகளில் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும். நடுப்பகுதியைக் குழு பார்த்துக்கொள்ளும். குழப்பம் எப்போதும் ‘யார் தொடங்குவது’, ‘பல்லவி எத்தனை தரம்’ என்பதில்தான். புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் குழு மட்டும் நற்கருணைக்குப் பிறகு பாடட்டும், இரண்டாம் வாரம் திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன் மக்களுக்குப் பல்லவியைச் சொல்லிக்கொடுங்கள், அடுத்த இரண்டு வாரமும் அதே பாட்டு. மறுகா அது பங்கின் பாட்டு.

பயிற்சியில் மைக் போடாதீர்கள். மைக் இல்லாமல் பின் வாங்குக்குச் சொல் விளங்கினால்தான் மைக்கில் விளங்கும். வெறும் ஆலயம் எதிரொலிக்கும், ஞாயிறு ஆட்கள் நிறைந்ததும் அது குறைந்துவிடும். ஆகவே பயிற்சியில் கேட்ட சத்தத்தை வைத்து எக்கோவைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

தாளைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கோப்பில் போடுங்கள், எழுத்து 14க்குக் குறையாமல். போனைப் பார்த்துப் பாடுகிற பிள்ளை தலைவரைப் பார்க்காது, திரை அணைந்தால் பாட்டும் அணையும்.

சுருதி விலகிப் பாடுகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். நல்ல காது உள்ள ஒருவருக்கு முன்னால் அவரை நிறுத்துங்கள், பின்னாலிருந்து வரும் குரல் காதில் விழ விழப் பாதிப் பிழை தானாகக் குறையும். குரல் உடைகிற வயதுப் பொடியன்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஒரு ஸ்தாயி கீழே பாடப் பழக்குங்கள், முடியாத வரியில் வாயசைக்கட்டும், இரண்டு வருடத்தில் குழுவின் அடித்தளம் அவர்கள்தான். பயிற்சி பெற்ற குரல் தேவைப்பட்டால் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு மாலை வந்து சுருதிப் பயிற்சி கொடுத்தாலே மாற்றம் தெரியும்.

வாத்தியமும் ஒலியும்

கீபோட்டின் வேலை மக்களுக்குச் சுருதியும் வேகமும் கொடுப்பது. முன்னிசை நீளக்கூடாது. பல்லவியின் கடைசி வரியை வாசித்து நிறுத்தினால் எல்லோருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியும். பதிவில் உள்ள இடையிசை முழுவதையும் வாசிக்க முயல்வதால்தான் திருப்பலி கச்சேரியாகிறது. தானியங்கி ரிதம் பெட்டியைத் திருப்பலியில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மக்கள் ஒரு சொல்லில் சற்று நின்றாலும் அது நிற்காது, இரண்டு வரியில் மக்கள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்.

தபேலாவில் ஒரு சிறு தந்திரம். ஒரு தபேலாவை எல்லா ஸ்கேலுக்கும் ஏற்றி இறக்க முடியாது, வார் அறுந்துவிடும், தோலும் பழுதாகும். டியில் சேர்த்த தபேலாவை வைத்துக்கொள்ளுங்கள். 2 கட்டைப் பாட்டுக்கு அது சட்ஜம், 5 கட்டைக்குப் பஞ்சமம், 6 கட்டைக்கு மத்தியமம். பாட்டுகளை இந்த மூன்று கட்டைக்குள் தெரிந்தால் நடுவில் சுத்தியல் சத்தம் கேட்காது. வடகீழ்ப் பருவ மழையில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும், கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் காய்ந்து ஏறும். நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு வீட்டில் சுருதி சேர்த்துக் கொண்டுவருவதில் பயனில்லை. அரை மணித்தியாலம் முன்னதாக ஆலயத்துக்குள் வைத்து, பிறகு சேர்க்க வேண்டும். மின்விசிறிக்கு நேரே வைக்க வேண்டாம்.

கடற்காற்றும் வாவிக் காற்றும் உப்பு. மைக் வயரின் ஜக்குகள் ஒரு வருடத்தில் பச்சை பிடித்துக் கரகரக்கும். கொன்டக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு போத்தல் வாங்கி வைத்து மாதத்துக்கு ஒருமுறை துடையுங்கள். கீபோட்டுக்குத் துணி உறையும் உள்ளே சிலிக்கா ஜெல் பைகளும் போடுங்கள். பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடி உள்ளே போகும். சில கீ மட்டும் வேலை செய்யாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றைத்தான். அடப்டர் தொலைந்தால் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். யமஹாவின் 12 வோல்ட் அடப்டரில் நடுமுனை பொசிட்டிவ், பழைய கெசியோக்களின் 9 வோல்ட் அடப்டரில் நடுமுனை நெகட்டிவ். மாற்றிக் குத்தினால் கீபோட் போர்ட் போய்விடும்.

பதினைந்து பேருக்கு மைக் இரண்டு, பதிலுரைக்கு ஒன்று. ஆளுக்கொரு மைக் கொடுத்தால் எவர் குரல் எடுப்பாக இருக்கிறதோ அவர் மட்டும் கேட்பார். வாயிலிருந்து ஒன்றரை அடி தூரம், குழு அரைவட்டமாக நிற்கட்டும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் ‘ஊ’ என்று கத்தும். தகரம் அல்லது சீற் கூரையில் மழை கொட்டினால் சத்தத்தைக் கூட்டிப் போட்டிபோட முடியாது, வேகத்தைக் குறைத்து எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்கு மாறுங்கள். கரண்ட் போனாலும் பாட்டை நிறுத்த வேண்டாம். தலைவர் கையை உயர்த்தி, வேகத்தை விடாமல் அந்தச் சரணத்தை முடிக்கட்டும். இதையும் பயிற்சியில் ஒருமுறை செய்து பாருங்கள்: நடுப்பாட்டில் சுவிட்சை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று.

ஆண்டின் ஓட்டம்

திருவருகைக்காலத்தில் வாத்தியம் அடக்கமாக இருக்கட்டும், ‘உன்னதங்களிலே’ இல்லை, டிசம்பர் 8 போன்ற பெருவிழா நீங்கலாக. நத்தார்ப் பாட்டுகளை 24ஆம் திகதி மாலைவரை கட்டிவையுங்கள். கரோல் நிகழ்ச்சி வேறு, திருப்பலி வேறு. தவக்காலத்தில் ‘உன்னதங்களிலே’யும் (பெருவிழா, விழாக்கள் நீங்கலாக) ‘அல்லேலூயா’வும் இல்லை. வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும், தனியிசை கூடாது. இந்த வாத்திய ஒழுங்குக்கு நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ மணியோடு பாடிய பிறகு பாஸ்கா இரவின் ‘உன்னதங்களிலே’வரை மணி அடிப்பதில்லை, வாத்தியம் இருந்தால் பாட்டுக்குத் துணையாக மட்டும். பெரிய வெள்ளியன்று வாத்தியமே இல்லாமல் பாடுவது நல்லது, அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வெறுங்குரலில் பழக வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவின் பாஸ்கா திருவிழிப்புத்தான் ஆண்டின் பெரிய சோதனை. தொடக்கம் இருட்டில். தாள் தெரிய ஆளுக்கொரு சிறு டோர்ச் வேண்டும், மெழுகுதிரியை நம்பினால் தாளில் மெழுகு. பாஸ்காப் புகழுரையைப் பொதுநிலையினர் பாடினால் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்ற பகுதியை விட வேண்டும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் மூன்று இருக்க வேண்டும், விடுதலைப்பயண வாசகத்தையும் அதன் பாடலையும் விட முடியாது. எவை எவை என்று பங்குத்தந்தையிடம் ஒரு கிழமை முன்பே கேளுங்கள். நற்செய்திக்கு முன் ‘அல்லேலூயா’ மூன்று தரம், ஒவ்வொன்றும் முந்தியதை விட உயர்த்தி. டியில் தொடங்கினால் ஈ, பிறகு எஃப் ஷார்ப். குருவுக்கு டி வசதியா என்று முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, உயிர்ப்பு, நத்தார் நாட்களில் வாசலில் பை சோதனை நடக்கிறது. வாத்தியப் பெட்டிகளோடு வருகிறவர்கள் வழமையை விட முக்கால் மணித்தியாலம் முந்த வேண்டும்.

செப்டெம்பர் வந்தால் சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருவிழா, ஆயித்தியமலை யாத்திரை. திருத்தலங்களிலும் பங்குத் திருவிழாக்களிலும் நவநாள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழு எடுக்கும். வேறு ஆலயத்தில் பாடப் போகும்போது அங்கே மக்கள் பாடுகிற ‘தூயவர்’ எது என்று கேட்டு அதையே பாடுங்கள். உங்கள் புது மெட்டைக் காட்ட அது இடமல்ல. பவனியில் உழவு இயந்திரத்தில் ஸ்பீக்கர் கட்டி முன்னால் போனால் பின்வரிசை பிந்தும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், ஆகவே நூறு மீற்றர் பின்னால் வருகிறவருக்குச் சொல் கால் செக்கனுக்கு மேல் தாமதம். வேகமான பாட்டு அங்கே சிதறும். தலைவர் ஒரு வரி, மக்கள் ஒரு வரி என்று போகிற மெதுவான பாட்டும் செபமாலையின் மன்றாட்டுகளுமே பொருத்தம்.

அடக்கத் திருப்பலிக்கு அறிவித்தல் காலையில் வந்து மாலையில் பூசை இருக்கும். அதற்கென ஒரு கோப்பு நிரந்தரமாக இருக்கட்டும்: பதிலுரை இரண்டு, திருவிருந்துப் பாட்டு இரண்டு, பிரியாவிடைப் பாட்டு ஒன்று. வேலை நாளில் வரக்கூடிய நாலு பேரின் பெயரும் அதிலேயே. திருமணத்துக்குச் சினிமா மெட்டுக் கேட்பார்கள். திருமணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மறுத்தால் மனக்கசப்புத்தான். நாள் எழுத வருகிற அன்றே பங்குக் காரியாலயத்தில் பாட்டுப் பட்டியலைக் கொடுக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து தெரியட்டும். இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அதைப் பங்குத்தந்தை சொல்லட்டும்.

அவரோடு வியாழக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். “ஃபாதர், இந்த ஞாயிறு தொடக்கவுரை பாடுறீங்களா, வாசிக்கிறீங்களா? தூபம் இருக்கா? ஞானஸ்நானம் ஏதும் இருக்கா?” இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் ஞாயிறு காலை சைகை காட்டுகிற வேலை இல்லை. அவர் தொடக்கவுரையை, அதாவது ‘தூயவர்’க்கு முன் வரும் செபத்தை, பாடுவாரென்றால் அதற்கு முன் கீபோட்டில் ஒரே ஒரு சுரம் மெதுவாகக் கொடுங்கள், கோர்ட் வேண்டாம். அவர் எடுத்த சுருதியிலேயே ‘தூயவர்’ தொடங்கக்கூடியதாக ட்ரான்ஸ்போஸை வைத்துக்கொண்டு காத்திருங்கள். பாடிய பாட்டுகள், கட்டை, வந்த ஆட்கள், எது பிசகியது என்பதை அன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, கொப்பியைக் கீபோட் பெட்டிக்குள் வையுங்கள். ஏ.எல். பரீட்சைக்குத் தலைவர் மூன்று மாதம் நின்றால் அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.